வீட்டுக் கடனுக்குப் போகும் பணமும் மளிகைக்குப் போகும் பணமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் கணவர் மாதம் 42,000 ராண்ட் கையில் வாங்குகிறார்; நான் வாங்குவது 14,000. வீட்டுச் செலவு ஏறக்குறைய 24,000. இருவரும்தான் வேலைக்குப் போகிறோம், எனவே பாதிப் பாதிதான் நியாயம் என்று அவர் சொல்கிறார். வீட்டுக் கடன் 12,000-ஐ அவர் கட்டிவிடுகிறார். மளிகை, பள்ளிக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்ந்து வரும் இன்னொரு 12,000 என் பொறுப்பு. மாதக் கடைசியில் என் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கேட்டால், நான் சிக்கனமாக இல்லை என்கிறார். இதற்கு வேறு வழி உண்டா?"

உண்டு. ஆனால் வழியைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். யார் எவ்வளவு போடுவது என்பது முதலாவது. அதை நீங்களே கண்டுகொண்டிருக்கிறீர்கள். யாருடைய பணம் என்னவாக மாறுகிறது என்பது இரண்டாவது. இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. டர்பனில் பல ஆண்டுகள் பிறருடைய குடும்பக் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில், முதலாவதைவிட இரண்டாவதுதான் ஒருவரை முதுமையில் வெறுங்கையோடு நிறுத்துகிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் எளிய கணக்கு. ஆளுக்கு 12,000 போட்ட பிறகு அவர் கையில் 30,000 நிற்கிறது, உங்கள் கையில் 2,000. வேலைக்குப் போய்வரும் டாக்சிக் கட்டணத்துக்கு அந்த 2,000 சரியாகிவிடும். இந்த நிலையில் சிக்கனம் என்ற சொல்லுக்கே இடமில்லை. சிக்கனம் செய்ய மிச்சம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

சமமான தொகையைச் சமமற்ற கூலியின்மேல் சுமத்தினால் என்ன ஆகும் என்பது இந்த மண்ணில் நம் குடும்பங்களுக்குப் புதிய பாடமன்று. 1860 நவம்பரில் மதராசிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்த காலத்தில், ஒப்பந்தத் தொழிலாளியான ஆணுக்கு முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. பின்னர் 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் சுதந்திரமாகத் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி விதித்தது. அந்த வரி பெண்ணுக்கும் மூன்று பவுண்டுதான். மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். அந்த முதலாண்டுக் கூலிக் கணக்கில் பார்த்தால் அது ஆணுக்கு ஆறு மாத உழைப்பு, பெண்ணுக்குப் பன்னிரண்டு மாத உழைப்பு. 1913-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பிறகு, 1914-இல்தான் அது நீக்கப்பட்டது. உங்கள் கணவர் அந்த வரி விதித்தவர்களைப் போன்றவர் என்று நான் சொல்லவில்லை. 'ஆளுக்குச் சமம்' என்ற சொல் கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அது யார் தோளில் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனவே விகிதப்படி பிரிப்பதே அடிப்படை. கணவன் மனைவி ஒருவரையொருவர் தாங்க வேண்டிய கடமை அவரவர் பொருள்வசதிக்கு ஏற்றது என்பதுதான் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் நிலையும். ஆகவே, 'சட்டப்படி பார்த்தால் பாதிப் பாதி' என்று யாராவது வாதிட்டால் அது தவறு. இருவர் வருமானத்தையும் கூட்டினால் 56,000. அதில் அவருடையது நான்கில் மூன்று பங்கு, உங்களுடையது ஒரு பங்கு. 24,000 செலவை அப்படிப் பிரித்தால் அவர் 18,000, நீங்கள் 6,000.

ஆனால் முழுச் சம்பளத்தை வைத்து விகிதம் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சம்பாதிப்பதற்காகவே ஒருவர் செய்யும் செலவை முதலில் கழித்துவிட வேண்டும். அவருக்குப் பெட்ரோல் 4,000, உங்களுக்கு டாக்சி 2,000 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 38,000-மும் 12,000-மும். விகிதம் 76-க்கு 24. இப்போது வீட்டுச் செலவில் அவர் பங்கு 18,240, உங்கள் பங்கு 5,760. வேறுபாடு சிறியதுதான், ஆனால் டாக்சிக்கு நூறு நூறாகக் கொடுப்பவருக்கு அது தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: 'வேலைக்கான செலவு' என்ற பெயரில் புதிய வண்டியின் மாதத் தவணையையும் உள்ளே கொண்டுவரும் பழக்கம் நம் ஆண்களிடம் உண்டு. வேலைக்குப் போக ஒரு வண்டி தேவை என்பது உண்மை. அது அந்த வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது உண்மையல்ல. தேவைக்கு மேற்பட்ட பகுதி அவருடைய சொந்தக் கணக்கிலேயே நிற்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, செலவு போக மிஞ்சியதை இருவரும் சமமாக எடுத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது ஆளுக்கு 16,000 ஆகும். பிள்ளைகள் பிறந்து, ஒருவர் குடும்பத்திற்காக வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்ட வீடுகளில் இதுவே மிக நேர்மையானது என்பது என் கருத்து. ஏனெனில் அந்தக் குறைந்த சம்பளம் ஒருவருடைய திறமைக் குறைவன்று, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவின் விலை. ஆனால் இன்று பாதிப் பாதி என்று பேசும் ஒருவரிடம் நாளைக்கே இதைக் கேட்டால் பேச்சு முறிந்துவிடும். விகிதத்தில் தொடங்குங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இன்றைய ஏற்பாட்டில் அவருடைய 12,000 வீட்டுக் கடனுக்குப் போகிறது. உங்களுடைய 12,000 அரிசி, பருப்பு, பாடப்புத்தகம், மின்சாரம் என்று போகிறது. பத்து ஆண்டு கழித்து அவர் கட்டிய பணம் ஒரு வீடாக நிற்கும். நீங்கள் கட்டிய பணம் வளர்ந்த பிள்ளைகளாக நிற்கும். அது பெரிய செல்வம்தான், ஆனால் எந்த வங்கியும் அதை ஈடாக ஏற்காது. தொகை சமமாக இருந்தாலும், ஏன், விகிதப்படி இருந்தாலும்கூட, ஒருவர் எப்போதும் சொத்தாக மாறும் செலவையும் மற்றவர் எப்போதும் தின்று தீரும் செலவையும் ஏற்றால், அந்த ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். 'அவன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான், அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் வீடுகளில்தான் இது அதிகம்.

இந்தச் சாய்வு உங்களை எவ்வளவு பாதிக்கும் என்பது உங்கள் திருமணம் சட்டத்தின் கண்ணில் எந்த வகை என்பதைப் பொறுத்தது. திருமண ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால், நீங்கள் 'இன் கம்யூனிட்டி' வகை. சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. வீடு அவர் பெயரில் வாங்கப்பட்டிருந்தாலும் பாதி உங்களுடையது. உங்கள் எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் அதை அவர் விற்கவும் கூடாது. இதன் மறுபக்கம், அவர் தொழிலில் கடன்பட்டால் அதுவும் உங்களுடையது.

திருமணத்திற்கு முன் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். ஊரில் எல்லோரும் 'ஏ.என்.சி.' (ஆன்டிநப்ஷியல் கான்ட்ராக்ட்) என்று சொல்வது இதைத்தான், அதே பெயருள்ள அரசியல் கட்சியை அல்ல. மூலப் பத்திரம் கிடைக்காவிட்டால், குவாசுலு-நேட்டாலில் பதிவானவற்றின் நகலைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். அதில் 'அக்ரூவல்' என்ற முறை வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். 1984 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சொத்துச் சட்டத்தின்படி, விலக்கப்படாவிட்டால் அது தானாகவே பொருந்தும். அதன் பொருள், திருமண நாளிலிருந்து அது முடியும் நாள்வரை இருவர் சொத்தும் தனித்தனியே எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிட்டு, குறைவாக வளர்ந்தவருக்கு வேறுபாட்டில் பாதியைப் பெறும் உரிமை உண்டு என்பதாகும். அவருடைய சொத்து 13 லட்சம் ராண்ட் வளர்ந்து, உங்களுடையது ஒரு லட்சம் வளர்ந்திருந்தால், வேறுபாடு 12 லட்சம். உங்கள் உரிமை 6 லட்சம். பெற்றோரிடமிருந்து வந்த சொத்தும் அன்பளிப்பும் பொதுவாக இந்தக் கணக்கில் சேரா.

அக்ரூவல் விலக்கப்பட்டிருந்தால்தான் நீங்கள் உண்மையாகவே கவலைப்பட வேண்டும். அந்த நிலையில் கடன் கட்டியவருக்கு வீடு, மளிகை வாங்கியவருக்கு ரசீது. 2023 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1984-க்குப் பின் இவ்வகையில் மணந்தவர்களும், மணமுறிவின்போது மற்றவரின் சொத்து வளர்ச்சிக்குத் தாம் செய்த நேரடி அல்லது மறைமுகப் பங்களிப்பைக் காட்டி, நியாயமான பங்கை நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. வீட்டை நடத்தியதும் அத்தகைய பங்களிப்பே. இருந்தாலும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றை நம்பி இருபது ஆண்டுகள் மளிகை வாங்குவது புத்திசாலித்தனமன்று.

தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணங்கள் இன்னொரு வகை. மந்திரம் ஓதியவர் பதிவு பெற்ற திருமண அதிகாரியாக இருந்து, உள்துறை அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் சிக்கலில்லை. பதிவாகாவிட்டால், ஊரே வந்து வாழ்த்திய திருமணமாக இருந்தாலும், மேலே சொன்ன எந்தச் சொத்து முறையும் தானாக வந்து உங்களைக் காப்பாற்றாது. நம் மதச் சடங்குப்படி மட்டும் நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்ற நிலையை உண்டாக்கிய, 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பை எதிர்த்து நம் பெண்கள் சிறைக்கே போனார்கள். நூறாண்டு கடந்த பின்னும் பதிவு செய்யாமல் விடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உங்களுக்கு இந்த நிலை என்றால், செலவைப் பிரிப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன் பதிவைப் பற்றி யோசியுங்கள். பதிவு செய்யும்முன் ஒரு வழக்கறிஞரிடம் எந்தச் சொத்து முறை வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள், ஏனென்றால் பிறகு மாற்ற இருவரும் சேர்ந்து உயர்நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? 'இது உன் செலவு, இது என் செலவு' என்று பொருள்வாரியாகப் பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள். வீட்டுக்கென ஒரு கணக்கு வையுங்கள். சம்பளம் வந்த மறுநாளே அவருடைய 18,240-மும் உங்களுடைய 5,760-மும் அதில் விழட்டும். வீட்டுக் கடன், பள்ளி, நகராட்சிக் கட்டணம் ஆகியவற்றின் டெபிட் ஆர்டர்கள் அந்த ஒரே கணக்கிலிருந்து போகட்டும். மளிகைக்கும் அதே அட்டை. அப்போது கடனின் ஒவ்வொரு தவணையிலும் உங்கள் பணம் இருக்கும், வாங்கும் ஒவ்வொரு மூட்டை அரிசியிலும் அவர் பணம் இருக்கும். இதனால் மட்டும் பத்திரத்தில் பெயர் மாறிவிடாது. ஆனால் பங்களிப்பைக் காட்ட வேண்டிய நாள் வந்தால் வங்கி அறிக்கைகள் பேசும். அவற்றை ஆண்டுதோறும் தரவிறக்கிப் பாதுகாத்து வையுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்நாட்டின் பெரும்பாலான வங்கிகளில் கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்றவருக்குக் கையெழுத்திடும் உரிமையும் இன்னோர் அட்டையும் மட்டுமே கிடைக்கும். பெயருக்கு உரியவர் இறந்துவிட்டால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். இறந்தவரின் சொத்தையும் கடனையும் தீர்த்துவைக்கும் நிறைவேற்றுநர் நியமிக்கப்படும்வரை மற்றவரால் எடுக்க முடியாது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியத்திற்குக்கூட அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன், அதுவும் கணக்கில் ஐம்பதாயிரம் கிடந்தபோது. எனவே வீட்டுக் கணக்கு யார் பெயரில் இருந்தாலும், இரண்டு மாதச் செலவுக்கான பணம் மற்றவர் பெயரிலும் தனியாக இருக்க வேண்டும்.

சேமிப்பில்தான் சாய்வை நேராக்க நல்ல இடம் இருக்கிறது. மாதம் 8,000 சேமிக்க முடிவு செய்தால், அதே விகிதத்தில் அவர் 6,080, நீங்கள் 1,920 போடுங்கள். ஆனால் சேர்ந்த பணத்தை ஆளுக்கு 4,000 என்று அவரவர் பெயரில் போடுங்கள். போடுவது விகிதப்படி, நிற்பது சமமாக. அவருக்குச் சொந்தச் செலவுக்கு 13,680 மிஞ்சும், உங்களுக்கு 4,320. இன்றைய பூஜ்யத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவன் மனைவிக்கிடையே கொடுக்கும் அன்பளிப்புக்கு இங்கே அன்பளிப்பு வரி கிடையாது. வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொருவருக்கும் தனி ஆண்டு வரம்பும் ஐந்து லட்சம் ராண்ட் வாழ்நாள் வரம்பும் இருப்பதால், இருவர் பெயரிலும் வைப்பது குடும்பத்திற்கே நன்மை. ஆனால் வரியைக் குறைக்கும் நோக்கத்தோடு மட்டும் ஒருவர் பெரிய தொகையை மற்றவருக்கு மாற்றி, அதில் வரும் வட்டியை அவர் கணக்கில் காட்டினால், வரித்துறை அந்த வட்டியைக் கொடுத்தவர் தலையிலேயே திருப்பிக் கட்டும். சாதாரண மாதச் சேமிப்போடு நில்லுங்கள்.

ஓய்வூதியப் பணத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். 2024 செப்டம்பர் 1 முதல் 'இரு பானை' முறை வந்து, புதிதாகச் சேரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வேலையில் இருக்கும்போதே எடுக்க வழி ஏற்பட்டிருக்கிறது. வீட்டில் அவசரம் என்றதும் குறைவாகச் சம்பாதிப்பவர் தன் பானையை முதலில் உடைக்கிறார். சம்பளம் குறைந்தவருக்கு வேறு சேமிப்பு இல்லை என்பதே காரணம். உடைக்கத்தான் வேண்டும் என்றால், பெரிய பானையிலிருந்து தொடங்கட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு செலவு, பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கொடுப்பது. இந்நாட்டு ஆப்பிரிக்கச் சகோதரர்கள் இதைக் 'கறுப்பு வரி' என்று கேலியும் கசப்பும் கலந்து சொல்வார்கள். நமக்கு அதற்குப் பெயர் இல்லையே தவிர, வரி உண்டு. மாமியாரின் மருந்து வீட்டுச் செலவில் சேர்ந்து, உங்கள் தாயாரின் மருந்து உங்கள் 'சொந்தச் செலவில்' போய்விடும் வீடுகளே அதிகம். இரண்டும் வீட்டுக் கணக்கிலிருந்து போகட்டும், அல்லது இரண்டும் அவரவர் கையிலிருந்து போகட்டும். தைப்பூசக் காவடி, இசிபிங்கோ ரெயில் மாரியம்மன் கோவிலின் புனித வெள்ளித் திருவிழா, புரட்டாசி விரதப் படையல் போன்றவற்றையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கூட்டி, பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சாமிக்குப் போடுவதற்கும் பொருந்தும்.

சம்பளமில்லாத வேலைக்கு எப்படி விலை போடுவது என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மணிக்கு இத்தனை ராண்ட் என்று சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் விலை எழுதத் தொடங்கிய தம்பதி ஒருவரும் நிம்மதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதற்குப் பதிலாக, அந்த வேலையால் யாருடைய சம்பளம் குறைந்தது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் பிள்ளைகளுக்காக மாலை நேர வேலையை மறுத்திருந்தால், உங்கள் 14,000 என்ற எண்ணிலேயே அந்த விலை ஏற்கெனவே ஏறியிருக்கிறது. விகிதக் கணக்கு அதைத் தானாகவே ஈடுசெய்கிறது. மகப்பேற்றுக் காலத்தில் இது கூர்மையாகத் தெரியும்: வேலை வழங்குபவர் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி தருவது சம்பளத்தில் 66 சதவீதம், அதுவும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. அந்த மாதங்களில் பழைய விகிதத்தையே கேட்பது, குழந்தையை ஒருவர் மட்டும் பெற்றதாகக் கணக்கெழுதுவதாகும்.

பெண் அதிகம் சம்பாதிக்கும் வீடுகளுக்கும் இவை அத்தனையும் அப்படியே பொருந்தும். அங்கே கணக்கு கடினமில்லை, கணவனின் முகம்தான் கடினம். அதனால் பல பெண்கள் விகிதத்திற்கும் மேலே போட்டுவிட்டு, வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அது பெருந்தன்மையன்று, அதே சாய்வு மறுபக்கத்திலிருந்து.

உங்கள் கணவரிடம் பேசும்போது 'நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள்' என்று தொடங்காதீர்கள். ஒரு தாளில் 30,000, 2,000 என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதி நீட்டுங்கள். அவர் தம் பங்கை மனத்தில் 12,000 என்று வைத்திருக்கிறாரே தவிர, மிஞ்சுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். பிறகு இந்தக் கணக்கை ஆண்டுக்கு இருமுறை திருத்துங்கள்: அவருடைய சம்பள உயர்வு வரும் மாதத்தில் ஒருமுறை, நகராட்சி தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் கட்டணத்தை உயர்த்தும் ஜூலையில் ஒருமுறை. முதல் திருத்தத்திற்கு முன் அந்தத் திருமண ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, அக்ரூவல் என்ற சொல் இருக்கும் பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.